முன்னால் ஓடி ஒதுங்கியவர்களுக்கு

அன்புள்ள பேஸர்களுக்கு,

பந்தயத்தில் ஜெயித்தவரைப் பாராட்ட ஊரே திரண்டு வரும். தோற்றவருக்கு ஆறுதல் சொல்லவும் நாலு பேர் இருப்பார்கள். ஜெயிக்கவும் வராமல், தோற்கவும் வராமல், இன்னொருவரின் கடிகாரத்துக்காக, அவருக்கு முன்னால் வேகம் கொடுத்தபடி குறித்த தூரம் ஓடிவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும் உங்களுக்கு யாரும் மடல் எழுதி நான் பார்த்ததில்லை. நான் எழுதுகிறேன். எனக்குக் கடன் பாக்கி இருக்கிறது.

ரோஜர் பானிஸ்டரின் பெயர் பள்ளிக்கூடத்துப் பொது அறிவுப் புத்தகத்திலேயே வந்துவிடும். ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர். 1954 மே 6, ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி ரோடு மைதானம், 3 நிமிடம் 59.4 விநாடி. அவருக்கு முன்னால் ஓடிய இருவரின் பெயர் அந்தப் புத்தகத்தில் இருக்காது. முதல் இரண்டு சுற்றுக்கும் சற்று மேலாகக் கிறிஸ் பிராஷர் இழுத்துப் போனார். பிறகு கிறிஸ் சாட்டவே முன்னே வந்து கடைசிச் சுற்றின் பாதிவரை கொண்டுபோய் விட்டார். மிச்சம் இருநூற்றுச் சொச்சம் கெஜம்தான் பானிஸ்டர் தனியாக ஓடியது.

அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது. முயற்சி செய்வதா, தள்ளிப்போடுவதா என்று கடைசி நேரம்வரை பானிஸ்டர் தயங்கினார். துப்பாக்கி வெடிக்கும் முன்பே பிராஷர் பாய்ந்துவிட, எல்லோரையும் மறுபடி கோட்டுக்கு அழைத்தார்கள். ஒருவழியாக ஓட்டம் தொடங்கியதும் பானிஸ்டருக்குக் கால்கள் இறகாக இருந்தன. முன்னால் போகிறவர் மெதுவாகப் போகிறாரோ என்று சந்தேகம். 'இன்னும் வேகம்' என்று கத்தினார். பிராஷர் அசையவில்லை, தன் வேகத்திலேயே போனார். முதல் சுற்று 57.5 விநாடியில் முடிந்தது. நான்கு நிமிடக் கணக்குக்கு ஒரு சுற்றுக்கு 60 விநாடி போதும். அதாவது ஏற்கெனவே இரண்டரை விநாடி வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் வருகிறவரின் ஆசைக்கு இணங்கி பிராஷர் இன்னும் முடுக்கியிருந்தால் நான்காவது சுற்றில் பானிஸ்டரின் கால்கள் என்ன ஆகியிருக்கும்? அவர் அன்று நிதானம் இழக்காததைப் பானிஸ்டரே பின்னாளில் நன்றியோடு எழுதினார்.

உங்களுக்கு நான் நன்றி சொல்ல வருவதும் முதலில் இதற்காகத்தான். யாருக்காக ஓடுகிறீர்களோ அவர் சொல்வதையே கேட்காமல் இருக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு முதலாளியிடம் 'இப்போது வேண்டாம்' என்று சொல்கிற மேலாளரை எத்தனை கம்பெனியில் பார்த்திருக்கிறோம்?

உங்கள் வேலைக்கு எப்போதும் மரியாதை இருந்ததில்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்கு முந்தைய ஆண்டு, 1953 ஜூன் மாதம், மோட்ஸ்பர் பார்க்கில் பானிஸ்டர் 4 நிமிடம் 2 விநாடியில் ஒரு மைல் ஓடினார். முதலில் ஆஸ்திரேலியாவின் டான் மக்மில்லன் இழுத்துப் போனார். அதே சமயம் பிராஷர் வேண்டுமென்றே ஒரு சுற்று பின்தங்கி ஆமை வேகத்தில் ஓடி, பானிஸ்டர் தன்னை எட்டியதும் புதுத்தெம்போடு கூடவே ஓடிக் கடைசிச் சுற்றுக்கு வேகம் கொடுத்தார். இது நேர்மையான போட்டி இல்லை என்று பிரிட்டன் தடகள வாரியம் அந்த நேரத்தை ஏற்க மறுத்துவிட்டது. வாரியம் செய்தது சரி என்றே எனக்கும் படுகிறது. உதவி செய்யலாம்; ஆனால் பந்தயம் என்ற பெயரில் ஒருவர் நடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அதனால்தான் ஆக்ஸ்ஃபோர்டில் உண்மையான ஒரு போட்டிக்குள், எல்லோரும் ஒரே கோட்டில் தொடங்கி ஓடினார்கள்.

அந்த ஓட்டத்துக்கான பயிற்சியும் மூன்று பேராகத்தான் நடந்தது. பயிற்சியாளர் ஃபிரான்ஸ் ஸ்டாம்ஃபிள் பழக்கியபடி கால் மைலைப் பத்து முறை ஓட வேண்டும், நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. குளிர்காலத்தில் 66 விநாடியில் தொடங்கி, மாதக்கணக்கில் உழைத்து 61-க்குக் கொண்டுவந்தார்கள். அதற்குக் கீழே ஒரு விநாடிகூட இறங்க மறுத்தது. பானிஸ்டரும் பிராஷரும் ஓட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போனார்கள். திரும்பி வந்து ஓடினால் 59. பயிற்சி என்றால் இன்னும், இன்னும் என்று ஏற்றிக்கொண்டே போவது என்று நினைக்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மலையேற்றம் எந்தத் தசைக்கு நல்லது என்று திருப்பிக் கேட்கிறார்கள்!

சரி, முன்னால் ஒருவர் ஓடுவதால் அப்படி என்ன கிடைக்கிறது? இதை அளந்தவர் கிரிஃபித் பியூ. 1953-இல் எவரெஸ்ட்டை எட்டிய குழுவோடு போன உடலியல் ஆய்வாளர். நடுத்தூர ஓட்டக்காரரின் வேகத்தில், ஒரு மீட்டர் இடைவெளியில் இன்னொருவரின் பின்னால் ஓடினால் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் சுமார் 6.5 சதவீதம் குறைகிறது என்று 1971-இல் காட்டினார். காற்றை நீங்கள் மார்பில் வாங்கிக்கொள்கிறீர்கள், பின்னால் வருகிறவருக்கு அந்தச் செலவு மிச்சம். கடிகாரத்தைப் பார்க்கும் வேலையும் உங்களுடையதாகிவிடுவதால் அவருக்குக் கவலையும் மிச்சம். இரண்டாவது மிச்சத்தை எந்தக் கருவியும் அளக்கவில்லை, ஆனால் அதுதான் பெரியது என்று ஓடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வியாபாரத்திலும் காற்றை மார்பில் வாங்கியவர்கள் உண்டு. கடலூர் சின்னிகிருஷ்ணனை நினைத்துக்கொள்கிறேன். முழு பாட்டில் வாங்க வசதியில்லாதவரும் அன்றாடத் தேவைக்கு வாங்கிப்போகும்படி பொருளைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று இந்தியாவில் முதலில் முயன்றவர்களில் ஒருவர். அதிலிருந்து பெரும்பணம் பார்க்கும் முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் போட்டார்கள். அதிலிருந்து பிரிந்து, 1983-இல் 15,000 ரூபாயோடு தனியே தொடங்கிய மகன் சி.கே. ரங்கநாதனின் சிக் ஷாம்பு மூலைமுடுக்குப் பெட்டிக்கடையில் எல்லாம் சரம் சரமாகத் தொங்கியது. பிற்பாடு பன்னாட்டுக் கம்பெனிகளும் அதே பாக்கெட்டுக்கு வந்து சேர்ந்தன. முதலில் ஓடியவரை அந்தப் பாக்கெட்டை வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்களில் சிலருக்காவது ஒப்பந்தமும் கூலியும் இருக்கிறது. வியாபாரத்தில் பேஸராக இருப்பவருக்குத் தான் பேஸர் என்பதே தெரியாது.

சாட்டவேயிடம் மறுபடி போகிறேன். எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். ஆக்ஸ்ஃபோர்டுக்கு 46 நாள் கழித்து, பின்லாந்தின் துர்க்கு நகரில் ஆஸ்திரேலியர் ஜான் லாண்டி 3 நிமிடம் 58 விநாடியில் ஓடிப் பானிஸ்டரின் சாதனையை முறியடித்தார். அதுவரை சொந்த ஊரில் ஏறக்குறைய தனியாகவே ஓடி ஓடி, 4 நிமிடம் 2 விநாடிக்கு அருகிலேயே திரும்பத் திரும்ப முட்டி நின்றவர் லாண்டி. துர்க்குவில் என்ன மாறியது? சாட்டவே அங்கே பேஸராக வரவில்லை, ஜெயிக்க வந்தார். லாண்டியின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு கடைசிச் சுற்றுவரை துரத்தினார். ஒரே மனிதர், ஏழு வாரத்துக்குள், ஒருவருக்கு முன்னால் ஓடி ஒரு சாதனையையும் இன்னொருவருக்குப் பின்னால் ஓடி இன்னொரு சாதனையையும் வாங்கிக் கொடுத்தார். இரண்டிலும் அவர் பெயர் இரண்டாம் இடத்தில். அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் 5000 மீட்டரில் விளாடிமிர் குட்ஸைப் பத்தில் ஒரு விநாடியில் முந்தி உலகச் சாதனையும் செய்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவர்மேல் வெறும் பரிதாபம் வந்துவிடும்.

போட்டி என்றால் எதிராளியை வீழ்த்துவது என்று சின்ன வயதில் நமக்கு ஏற்றிவிடுகிறார்கள். சாட்டவே பின்னால் வராதிருந்தால் லாண்டி இன்னொரு 4:02 ஓடியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். உங்களால் சாதனை வரையில்தான் கொண்டுவிட முடியும், வெற்றி வரையில் முடியாது. 1954 ஆகஸ்டில் வான்கூவரில் பானிஸ்டரும் லாண்டியும் நேருக்கு நேர் மோதியபோது பேஸர் இல்லை. லாண்டி முதலிலிருந்தே முன்னால் போனார். கடைசி வளைவில் இடது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார். அதே கணம் பானிஸ்டர் வலப்பக்கமாகக் கடந்துபோனார். யாரும் கேட்காமலே, கூலியும் இல்லாமல், அன்று பானிஸ்டருக்கு லாண்டிதான் பேஸர்.

பின்தொடர ஆள் இல்லாவிட்டால் உங்கள் பாடு வேடிக்கையாகிவிடும். 1981-இல் ஆஸ்லோவில் 1500 மீட்டருக்குப் பேஸராக வந்த அமெரிக்கர் டாம் பையர்ஸை மற்றவர்கள் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். இவர் திரும்பிப் பார்த்தார், வெகுதூரம் யாரும் இல்லை. அப்படியே ஓடி, அரை விநாடி வித்தியாசத்தில் ஸ்டீவ் ஓவெட்டையே தோற்கடித்துவிட்டார். 1994 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானில் பால் பில்கிங்டனும் அப்படித்தான். பாதிக்குக் கொஞ்சம் மேலே ஓடிவிட்டு நிற்க வேண்டியவர் நிற்கவில்லை, முதல் பரிசோடு பென்ஸ் காரையும் வாங்கிக்கொண்டு போனார். இரண்டாவதாக வந்த இத்தாலிக்காரர் தான்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினார், பாவம். இதில் விதிமீறல் ஒன்றுமில்லை. இருந்தாலும் நீங்கள் எல்லோரும் பில்கிங்டனாக மாறிவிடாமல் இருப்பதற்கும் நன்றி.

2019 அக்டோபரில் வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் முடித்தபோது, உங்களில் 41 பேர் முறைவைத்து அவரைச் சூழ்ந்து ஓடினீர்கள். முன்னால் ஐவர் விரித்த கைபோல, பின்னால் இருவர், எதிரே காரிலிருந்து சாலையில் விழும் லேசர் கோடு. 2016 ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வாங்கிய மேத்யூ சென்ட்ரோவிட்ஸும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். தங்கம் வாங்கியவர் இன்னொருவருக்காகக் காற்றை மறைக்க வந்தார்! கடைசியில் எல்லோரும் பின்வாங்கி, கோட்டை அவர் மட்டும் தாண்டும்படி விட்டீர்கள். அதை அதிகாரபூர்வ சாதனையாக ஏற்கவில்லை, ஏற்கவும் கூடாது. ஒரு கம்பெனியின் பணமும் ஒரு காலணியின் விளம்பரமும் அதில் கலந்திருந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இப்போது தடத்தின் உள்விளிம்பில் விளக்குகள் வைத்துவிட்டார்கள். குறித்த வேகத்தில் வெளிச்சம் ஓடும், வீரர் அதைத் துரத்துவார். 2020 அக்டோபரில் வலென்சியாவில் ஜோஷுவா செப்டெகெய் 10,000 மீட்டரை 26 நிமிடம் 11 விநாடியில் ஓடிச் சாதனை செய்தது அந்த வெளிச்சத்தோடுதான். விளக்குக்கு மூச்சு வாங்காது, கூலியும் வேண்டாம். காற்றை மட்டும் அதனால் மறைக்க முடியாது. பின்னால் வருகிறவரின் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்க்கவும் தெரியாது.

முகம் என்றதும் சென்னைக்கு வந்துவிடுகிறேன். இங்கே ஜனவரியில் நடக்கும் மாரத்தானில், முதுகில் நேரம் எழுதிய கொடியைச் செருகிக்கொண்டு ஓடும் உங்களுக்குக் கூலி எதுவும் கிடையாது. வாரநாளில் வங்கியிலோ ஐ.டி. கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்கள். அரை மாரத்தானில் 2:30 கொடி என்றால் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஆறு விநாடி. இருட்டு விலகாத நேரத்தில், மார்கழிக் குளிரில், எல்லோரும் உற்சாகமாகப் பறந்துபோகும்போது உங்கள் கொடி மட்டும் அசையாமல் தன் போக்கில் போகும். என் கொடியைச் சுமந்திருந்த தம்பியிடம், கொஞ்சம் முடுக்கலாமே என்று கேட்டேன். "இப்ப வேணாங்க்கா, பதினாறு தாண்டட்டும். அப்புறம் நீங்களே என்னை விட்டுட்டுப் போங்க" என்றார். பிராஷரைப் பற்றி அவர் படித்திருப்பாரா என்று தெரியாது. பதினாறில் வெயில் ஏறி, உடம்பு உப்பாகக் கசிந்து, முன்னால் பறந்தவர்கள் பாதி பேர் நடந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் பந்தலில் யார் உப்பு எடுக்கவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்டார். தன் சொந்த வேகத்தில் ஓடியிருந்தால் அந்நேரம் அவர் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கால்கள் தரையில் அடிபடும் நேரம் கூடும் என்பதால் மெதுவாக ஓடுவது வேகமாக ஓடுவதைவிட வலிக்கும் என்று பிறகு சொன்னார், ஏதோ ஊர்க்கதை சொல்வதுபோல.

இன்னொன்று சொல்ல வேண்டும். என்னைப் போன்றவர்கள் சாலையில் இறங்கி ஓடலாம் என்ற வழக்கத்தை வளர்த்த போட்டிகளில் முக்கியமானது லண்டன் மாரத்தான். அதை 1981-இல் ஜான் டிஸ்லியோடு சேர்ந்து தொடங்கியவர் கிறிஸ் பிராஷர். ஆக்ஸ்ஃபோர்டுக்கு இரண்டு ஆண்டு கழித்து மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸ் ஓடி முதலாவதாக வந்தவர். இடையூறு செய்ததாகத் தகுதி நீக்கம் செய்து, பிறகு முறையீட்டில் தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவருக்காகப் பேசியவர்களில் அவரோடு ஓடிய வீரர்களும் உண்டு. லண்டனின் முதல் மாரத்தானில் அமெரிக்கர் ஒருவரும் நார்வேக்காரர் ஒருவரும் கைகோத்தபடி ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். பேஸர் தொடங்கிய பந்தயத்துக்கு வேறு எப்படித் தொடக்கம் அமையும்!

போட்டி நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: முடிவுப் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் அவர் எந்தப் பேஸரோடு ஓடினார் என்று ஒரு கட்டம் சேருங்கள். செலவு ஒன்றுமில்லை.

பேஸர்களே, வரும் ஜனவரியில் 2:20 கொடி யாரிடம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உப்பு மாத்திரை நானே கொண்டுவருகிறேன்.


உங்கள் பின்னால் ஓடி வந்த ஒருத்தி