சாயங்காலம் ஆறு மணிப் பசி

1965-இல் மேற்கு வங்கத்தில் ரசகுல்லாவுக்கும் சந்தேஷுக்கும் தடை வந்தது. கடுமையான பால் தட்டுப்பாடு. பாலைத் திரித்து எடுக்கும் சேனாவில் இனிப்பு செய்யக் கூடாது என்று பிரபுல்ல சந்திர சென்னின் அரசு உத்தரவு போட்டது. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் பால் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். இனிப்புக் கடைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். உத்தரவு அங்கே நிற்கவில்லை. கொல்கத்தாவின் டாலிகஞ்சில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவை எல்லோரும் மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம். அந்தத் தடையைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் கொதிக்கிறார். அரிசி கிடைக்காததைக்கூடப் பொறுத்துக்கொண்டார்களாம், சந்தேஷும் இல்லை என்றதைத்தான் பொறுக்க முடியவில்லையாம்.

அவர் குடும்பம் பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தது. பக்கத்திலிருக்கும் விஜய்கட் அப்படி வந்தவர்கள் கைவிடப்பட்ட ராணுவ முகாமில் புகுந்து உண்டாக்கிக்கொண்ட குடியிருப்பு. அதற்கும் முன்னால் 1943 பஞ்சம். சோறு கேட்க வாய் வராமல், வடிகஞ்சி இருந்தால் ஊற்றுங்கள் என்று வாசல் வாசலாக வந்து நின்றவர்களின் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் மாஷிமாவை அவர் அம்மா வளர்த்திருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் தட்டை நீட்டும்போது "வேண்டாம்" என்பது லேசான சொல் இல்லை. உடம்பு இளைக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் இதை மதிக்க வேண்டும். சாப்பாட்டில் ஆறுதல் தேடுவதைச் சபலம் என்றும் நாக்கு ருசி என்றும் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. மனிதர்கள் காலங்காலமாகத் துக்கத்தைச் சோறு போட்டுத்தான் ஆற்றியிருக்கிறார்கள்.

இந்தப் பகுதிக்குத் துக்கத்தோடு வந்து சேர்ந்தவர்கள் நிறைய. 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, அங்கே சிறையிருந்த திப்புவின் பிள்ளைகளைக் கும்பினியார் கொண்டுவந்து குடிவைத்தது டாலிகஞ்சில்தான். நான் வந்தது வெறும் ஆபீஸ் மாற்றல். மகள் பிளஸ் டூ படிப்பதால் குடும்பம் திருச்சியிலேயே இருந்தது.

கொல்கத்தாவில் டிசம்பர் மாதம் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். திருச்சியைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாக. பார்க் ஸ்ட்ரீட்டில் மெட்ரோ ஏறி டாலிகஞ்சில் இறங்கும்போது நன்றாக இருட்டியிருக்கும். மகள் டியூஷன் முடிந்து எட்டு மணிக்குத்தான் போனில் கிடைப்பாள். ஆறிலிருந்து எட்டு வரை பேச ஆள் கிடையாது. அந்த நேரத்துக்கு ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் தேலேபாஜா கடை மும்முரமாக இருக்கும். கத்திரிக்காயை உள்ளங்கை நீளத்துக்கு மெல்லிய தகடாகச் சீவி, கடலை மாவில் தோய்த்து, வாணலியின் ஓரமாக எண்ணெயில் நழுவ விடுவார் கடைக்கார தாதா; இங்கே அண்ணனைத் தாதா என்பார்கள். உப்பி மிதந்ததும் கம்பிக் கரண்டியால் அள்ளி, பழைய பேப்பரில் ஒட்டிய பைக்குள் போட்டு, கறுப்பு உப்பைத் தூவி ஒரு குலுக்குக் குலுக்குவார். கூட வெங்காயப் பகோடா, உருளைக்கிழங்குச் சாப், ஒரு பொட்டலம் பொரி. பை கையைச் சுடும். பூட்டிய அறைக்குத் திரும்பும்போது அந்தச் சூடு ஒரு துணையாகத்தான் இருந்தது.

எடை 86 கிலோவுக்குப் போனதும் டாக்டர் எடையைப் பற்றி அதிகம் பேசவில்லை. டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினார். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் உஷாராக வேண்டும் என்றார். வெள்ளைக்காரர்களுக்கான அளவு நமக்குப் பொருந்தாது. அதே எடையில் நமக்குத் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். சர்க்கரை நோயும் சீக்கிரம் வந்துவிடுகிறது. பிறகு, மதியம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இளைக்க வேண்டுமென்று மதியம் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். "அப்படியானால் சாயங்காலம் வருவது பாதி நிஜப் பசி" என்றார். அவர் சொன்னதில் எனக்கு அதிகம் உதவியது இந்த ஒரு வாக்கியம்தான்.

வயிற்றைக் காயப்போட்டால் மனம் என்ன பாடுபடும் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு போட்டார். எல்லோரும் தாங்களாக முன்வந்தவர்கள், திடகாத்திரமானவர்கள். கொஞ்ச நாளிலேயே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள்; தட்டை நக்கினார்கள். முழுச் சாப்பாடு கிடைத்த பிறகும் பலருக்கு வெகுநாள் திருப்தியே வரவில்லை. மாதம் 5 கிலோ குறைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் இந்தச் சோதனையைத்தான் தங்கள் வீட்டில் நடத்திக்கொள்கிறார்கள். அதனால்தான் மெதுவாகக் குறைப்பது ஒன்றே வழி என்று உறுதியாகச் சொல்கிறேன்.

நான் சாப்பாட்டில் எதையும் விடவில்லை. மதியம் வயிறு நிறையச் சோறு, பருப்பு, மீன், ஒரு கீரை. லேக் மார்க்கெட்டில் நம் ஊர் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும்; ஞாயிற்றுக்கிழமை வாங்கிவந்து சாம்பார் வைத்துவிடுவேன். சாயங்காலம் டாலிகஞ்ச் வரை போகாமல் ஒரு ஸ்டேஷன் முன்னதாக, ரவீந்திர சரோபரில், இறங்கினேன். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஏரி. 1920-களில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் வெட்டியது. தண்ணீர் மட்டும் 73 ஏக்கர். ஏரிக்கரையில் எந்நேரமும் ஆட்கள் இருப்பார்கள். ரிட்டயரான தாதாக்கள் கூட்டமாக உட்கார்ந்து ஃபுட்பால் பேசுவார்கள். தினமும் ஒரு மனிதன் எதிரே வந்தால் அவர்களாகவே பேச்சுக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். வேகமாக நடந்ததில் எரிந்த கலோரி பெரிதாக ஒன்றும் இருக்காது. வீட்டுக்குப் போனதும் பொரியில் வெள்ளரிக்காய், வெங்காயம், ஊறவைத்த கொண்டைக்கடலை, சில சொட்டுக் கடுகெண்ணெய் சேர்த்துக் கலந்துகொள்வேன். சனிக்கிழமை மட்டும் தேலேபாஜா உண்டு.

மாதத்துக்கு அரை கிலோ குறைந்தது. சில மாதம் முள் அசையவே இல்லை. அப்போது என்னைத் தாங்கியது சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006-இல் வெளியிட்டார்கள். நடையும் சாப்பாட்டு மாற்றமும் கடைப்பிடித்தவர்களிடம் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை! மெஷின் காட்டாததையும் உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

விஜயாதசமிக்குப் பிறகு இங்கே பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். தட்டில் தேங்காயும் வெல்லமும் சேர்த்து உருட்டிய நாரு, நிம்கி, சந்தேஷ், கிண்ணத்தில் குக்னி. முதல் வருஷம் எல்லாவற்றையும் முடித்தேன். இப்போது மாஷிமா பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரே ஒரு நாருவை மெல்லக் கடித்துச் சாப்பிட்டபடி, அதன் வெல்லம் எங்கே வாங்கியது, அவர் அம்மா எப்படிக் கிளறுவார் என்று கேட்கிறேன். அவர் சொல்ல ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகிறது. தட்டில் மிச்சமிருப்பதை டப்பாவில் போட்டுக் கொடுக்கிறார்; மறுநாள் ஆபீஸில் பத்துப் பேருக்கு ஆகிறது.

எடை இப்போது 75. போன மாதம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரிலிருந்து போன் வந்தது. உடனே டிக்கெட் கிடைக்கவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமையும் இல்லை; ஆனாலும் சந்துக் கடையில் நின்று ஒரு பை முழுக்க வாங்கிச் சாப்பிட்டேன், அது வேண்டியிருந்தது. மறுநாள் பட்டினி கிடக்கவில்லை. மதியம் வழக்கம்போல் சோறும் மீனும் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ரவீந்திர சரோபரில் இறங்கினேன்.