வயரிங் பாஸும் பட்டப்படிப்பும்

எங்கள் மலையகத்தில் மின்சாரம் முதலில் தேயிலைக்குத்தான் வந்தது. மனிதருக்கு அது வந்து சேர வெகுகாலம் பிடித்தது. நான் சிறுவனாக இருந்த எழுபதுகளில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் குப்பி விளக்குதான் எரியும். எதிர்மலையில் ஸ்டோர் மட்டும் இரவெல்லாம் வெளிச்சமாக நிற்கும். (தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் மக்கள் ஸ்டோர் என்றே சொல்வார்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து வாசிக்கும் நண்பர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.) அந்த வெளிச்சத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒருவர் உண்டு. அவரை எல்லோரும் 'கரண்டு பாஸ்' என்றார்கள். தகப்பனிடம் தொழில் பழகியவர். சான்றிதழ் எதுவும் இல்லை. மோட்டர் நின்றுவிட்டால் துரையின் பங்களாவில் இருந்தே ஆள் வரும், அவரைக் கூட்டிப்போக. அன்று ஒருநாள் மட்டும் அவருக்கு மரியாதை. மறுநாள் அவர் மீண்டும் லயத்துக்காரர்.

அந்த மரியாதை ஏன் ஒருநாளோடு முடிகிறது என்ற கேள்வி பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. அண்மையில் மொனராகலைக்குப் போயிருந்தபோது அது புதிய உருவத்தில் எதிரே வந்து நின்றது.

மொனராகலை என்றால் பலருக்கும் கரும்பும் யானையும் கதிர்காமத்துப் பாதையுமே நினைவுக்கு வரும். அங்கும் இறப்பர்த் தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அப்படியொரு தோட்டத்தில் பிறந்த இளைஞர் ஒருவரை நண்பர் வீட்டில் சந்தித்தேன். வயது முப்பத்தொன்று. பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். சாதாரண தரத்தில் கணிதம் சித்தி. தொழிற்பயிற்சி முடித்து, தேசிய தொழிற் தகைமையில் நான்காம் மட்டச் சான்றிதழ் வைத்திருக்கிறார். வேறொருவர் மேற்பார்வை இன்றித் தனித்து வேலை செய்யக்கூடிய தேர்ந்த தொழிலாளி என்பது அந்த மட்டத்தின் பொருள்.

2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நாடு இருளில் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பறித்த கொழுந்தை மணிக்கணக்காக மின்விசிறிக் காற்றில் வாட்டிய பிறகுதான் அரைக்க முடியும். காற்று நின்றால் கொழுந்து சூடேறிக் கெட்டுப்போகும். டீசலும் இல்லாத அந்த நாட்களில், இருந்த கொஞ்ச எண்ணெயை வைத்து எந்த மோட்டரை எப்போது ஓட்டுவது என்று கணக்குப் போட்டுக் கொழுந்தைக் காப்பாற்றியவர் இவர். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அவர் மனதில் இருந்தது வேறொன்று.

"ஐயா, அதுக்குப் பொறகு வாட்டுற ஃபேனுக்கெல்லாம் வேகம் கொறைக்கிற டிரைவ் பூட்டுனாங்க. அம்பது ஹேர்ட்ஸ்ல ஓடுனத நாப்பதுக்குக் கொறைச்சா, வேகம் அஞ்சுல ஒரு பங்குதான் கொறையுது. ஆனா கரண்டுச் செலவு பாதிக்குப் பாதி கொறையுது. ஏன்னு கேட்டேன். பூட்ட வந்த இஞ்சினியர் ஐயா, அது ஒனக்குத் தேவையில்லேன்னு சொல்லிட்டாரு."

அந்த நிறுவனத்தின் பெயரை நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எழுதப்போவதில்லை. கலைப் பட்டதாரியான எனக்கும் விடை தெரியாது. ஊருக்குத் திரும்பியதும், ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவரிடம் கேட்டேன். விசிறி இழுக்கும் மின்வலு அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்றார். வேகம் 0.8 பங்கானால் 0.8 x 0.8 x 0.8, அதாவது ஏறத்தாழ 0.51. பாதிக்குப் பாதி! தொலைபேசியில் இதைச் சொன்னபோது அந்த இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப முப்பதுக்குக் கொறைச்சா அஞ்சுல ஒரு பங்குதான் இழுக்குமா ஐயா? ஆனா காத்து பத்தாது" என்றார். நான் தாளில் போட்டுப் பார்த்தேன். 0.6இன் மும்மடி 0.216. மனிதர் மனக்கணக்கில் சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்ட ஒருவருக்குப் பட்டப்படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டர் எப்படி முனகும் என்பது அவர் காதுக்குத் தெரியும். சுற்று எரிவதற்கு முன் வரும் மணம் மூக்குக்குத் தெரியும். ஆனால் ஒரு தொழிற்சாலைக்கு எத்தனை கிலோவாட்டுக்கு எந்தக் கேபிள், குறுஞ்சுற்று ஏற்பட்டால் எந்த பிரேக்கர் முதலில் விழவேண்டும், மாதாந்தக் கட்டணத்தில் உச்சக் கேள்விக்காக அறவிடும் தொகையை எப்படிக் குறைப்பது, தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கு எப்படி நிரல் எழுதுவது என்பவற்றுக்குக் கணிதமும் கோட்பாடும் வேண்டும். அனுபவம் கேள்வியைத் தருகிறது. படிப்பு விடையைத் தருகிறது. இரண்டும் ஒரே தலையில் சேர்ந்தால் அவர்தான் தொழிற்சாலைக்கு வேண்டிய மனிதர்.

சரி, நம் நாட்டில் இதற்கு வழி இல்லையா? காகிதத்தில் இருக்கிறது, அதுவும் நல்ல வழியாகவே இருக்கிறது. தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கு சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். பயிற்சி நிலையத்தின் வாசலையே மிதிக்காத ஒருவர்கூட, செய்து பழகிய வேலையைப் பரீட்சகர் முன் செய்துகாட்டி முன்னனுபவத்துக்கான தகைமையைப் பெறலாம். 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகமே நிறுவப்பட்டது. 'யுனிவோடெக்' என்று அழைக்கப்படும் அதன் நோக்கமே, உயர்தரப் பரீட்சை வழியாக அன்றித் தொழில் வழியாக வருபவருக்குப் பட்டம் வழங்குவது. மாகாணத்துக்கு ஒன்றாக அமைந்த ஒன்பது தொழில்நுட்பவியல் கல்லூரிகளில் ஒன்று பதுளையில் இருக்கிறது. டிப்ளோமா மட்டம் அங்கே. திறந்த பல்கலைக்கழகமும் வேலை செய்துகொண்டே படிப்படியாகப் பொறியியல் பயிலும் வாய்ப்பை நெடுங்காலமாக அளித்து வந்திருக்கிறது. அதற்கும் பதுளையில் நிலையம் உண்டு.

ஆக, ஏணி இருக்கிறது. ஏறுவதற்குத்தான் இடைவெளி பெரிது.

முதலாவது, நேரம். வேலை செய்வோருக்கு வார இறுதியில் வகுப்பு வைப்பது வழக்கம். அலுவலகத்தில் இருப்பவருக்கு அது சரி. தேயிலைத் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமைதான் இயந்திரங்கள் ஓயும் நாள். அன்றுதான் மோட்டரைக் கழற்றிப் பார்க்க முடியும். எல்லோரும் ஓய்ந்திருக்கும் நாளில் எலெக்ட்ரீஷியன் ஓயமுடியாது. இந்த எளிய உண்மை அட்டவணை போடுகிறவர் கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது, தூரம். பதுளைக்கு 1924இல் ரயில் வந்தது. மொனராகலைக்கு இன்றுவரை வரவில்லை. அங்கிருந்து பதுளைக்குப் போய்வர பஸ்ஸிலேயே ஒரு பகல் கரையும். இரத்மலானை என்றால் ஓர் இரவுப் பயணம்.

மூன்றாவது, மொழி. லயத்தில் தமிழ், பயிற்சி நிலையத்தில் பெரும்பாலும் சிங்களம், பட்டத்துக்கு ஆங்கிலம். ஒரே பொருளை மூன்று மொழியில் மூன்று முறை புதிதாகக் கற்கவேண்டியிருக்கிறது. கெட்டிக்காரர்கள் சமாளிக்கிறார்கள், ஆனால் கெட்டிக்காரத்தனத்தின் பாதி அதிலேயே செலவாகிவிடுகிறது.

நான்காவது, பணம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொட்டதே 2021இல்தான், அதுவும் எத்தனையோ ஆண்டுப் போராட்டத்துக்குப் பின். அத்தகைய வீட்டில் மூத்த மகன் சம்பளத்தை விட்டுவிட்டு மூன்று ஆண்டு படிக்கப் போவதென்பது, வீடே மூன்று ஆண்டு பட்டினி கிடக்கச் சம்மதிப்பது.

இந்த நான்கையும் ஒன்றாக அவிழ்க்கும் ஏற்பாடு ஒன்று உலகில் இருக்கிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் எழுபதுகளின் தொடக்கத்தில் பொஷ், டைம்லர் பென்ஸ் போன்ற நிறுவனங்கள் முன்கை எடுத்து, சில மாதம் தொழிற்சாலை, சில மாதம் கல்விக்கூடம் என்று மாறிமாறிப் பயிலும் முறையைத் தொடங்கின. படிக்கும் காலத்திலும் சம்பளம் உண்டு. அந்தக் கல்விக்கூடங்கள் 2009இல் ஒரு பல்கலைக்கழகமாகவே உயர்ந்தன. இங்கிலாந்தில் 2015இல் பட்டப் பயிலுனர் முறை வந்தது. பயிலுனர் அங்கே ஊழியர், சம்பளம் பெறுகிறார், கல்விக் கட்டணம் அவருடைய பொறுப்பு அல்ல. 2017 ஏப்ரலில் இருந்து, ஆண்டுச் சம்பளச் செலவு முப்பது இலட்சம் பவுணைத் தாண்டிய நிறுவனங்களிடம் அரை வீத வரி அறவிட்டு அந்தச் செலவுக்கு வழிசெய்தார்கள். ஏற்கெனவே தேர்ந்த எலெக்ட்ரீஷியன் அங்கே முதலாமாண்டு மாணவனைப் போல வயரை உரிக்கப் பழகவேண்டியதில்லை. கையில் இருக்கும் திறன் கணக்கில் எடுக்கப்பட்டு, அதற்கு மேலே படிப்பு கட்டப்படுகிறது.

பயிலுனர் முறை நமக்குப் புதிதல்ல. 1971லேயே அதற்கெனச் சட்டம் இயற்றிய நாடு இது. ஆனால் நமது அனுபவத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கட்டுபெத்தையில் 1960இல் செயல்முறைத் தொழில்நுட்ப நிறுவனமாகத் தோன்றியதே 1966இல் தொழில்நுட்பக் கல்லூரியாகி, 1972இல் வளாகமாகி, 1978இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் ஆனது. நாட்டுக்குப் பெருமைதான். ஆனால் நிறுவனம் உயர உயர, அதன் பிரதான வாசல் உயர்தரத்தில் உச்சப் புள்ளி எடுத்தவருக்கு உரியதாயிற்று. தொழில்நுட்பவியலாளருக்கான டிப்ளோமா பக்கத்து வாசலுக்குப் போயிற்று. நாளை பட்டப் பயிலுனர் முறை இங்கு வந்தாலும் இதே கதிக்கு ஆளாகலாம். தொழில் செய்பவருக்காகத் திறந்த வாசலில் பரீட்சையில் தேறியவர்கள் முந்திக்கொள்வார்கள். இங்கிலாந்திலும் இத்தகைய முறைப்பாடு எழுந்ததுண்டு. எனவே இடங்களில் ஒரு பகுதியையாவது நான்காம் மட்டம் முடித்து, சில ஆண்டு வேலை செய்தவருக்கென்றே ஒதுக்கவேண்டும்.

ஊவாவில் இதற்குத் தேவை இருக்கிறதா என்று கேட்கலாம். 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட உமா ஓயாத் திட்டத்தின் நிலக்கீழ் மின்நிலையம், வெல்லவாயவுக்கு அருகே, தலா 60 மெகாவாட் கொண்ட இரு இயந்திரங்களோடு இருக்கிறது. அதன் சுரங்கத்தால் பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றியதை அன்று எங்கள் பத்திரிகைகளெல்லாம் எழுதின. கிணற்றை இழந்த மாகாணத்துப் பிள்ளைகளுக்கு அந்த மின்நிலையத்தில் பயிலவேனும் இடம் வேண்டாமா? பெல்வத்தையிலும் செவனகலையிலும் சீனித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. கரும்புச் சக்கையை எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கும் தொழில் அது. பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில், ஓடைநீரில் சுழன்ற சிறு டர்பைன்கள் எத்தனையோ துருப்பிடித்துக் கிடக்கின்றன. கூடமும் பட்டறையும் ஒருங்கே அமைந்த மாகாணம் இது. வருடத்துக்கு இருபது பேரை எடுத்தால்கூடப் போதும்.

பட்டம் என்பது சுவரில் மாட்டும் படம் மட்டுமல்ல என்பதையும் சொல்லவேண்டும். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைப் பொறியியல் பேரவையில் பட்டயப் பொறியியலாளர் முதல் தொழில்நுட்பர் வரை பல படிகளில் பதிவு உண்டு. எந்தப் படியில் ஒருவர் நிற்கிறார் என்பதே அவர் எந்தத் திட்டத்தில் கையொப்பமிடலாம், யாரிடம் கேள்வி கேட்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. "அது ஒனக்குத் தேவையில்லை" என்ற பதிலை இனி ஒருவர் கேட்காமல் இருப்பதற்கு அந்தப் படி உதவும்.

அந்த இளைஞருக்கு முன்னால் இப்போது இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று வளைகுடா நாட்டு வேலைக்கான ஒப்பந்தம். இங்குள்ள சம்பளத்தின் பல மடங்கு. மற்றது பதுளையில் டிப்ளோமாவுக்கான விண்ணப்பம். வாரத்தில் ஒருநாள் விடுமுறை கேட்டார், தொழிற்சாலையில் இன்னும் இணங்கவில்லை. ஏஜென்சிக்காரர் மாத முடிவுக்குள் பதில் கேட்கிறாராம். "நீங்க என்ன சொல்றீங்க ஐயா?" என்றார். வீட்டில் இரண்டு தங்கைகள் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். படி என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் மனம் வரவில்லை. வீட்டாரோடு பேசி முடிவெடுக்கும்படி மட்டும் சொன்னேன்.

டொரொன்டோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருந்து இதை வாசிக்கும் பொறியியலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஓரிரவு, ஒரு மணித்தியாலம், நுண்கணிதத்தையும் மின்சுற்றுக் கோட்பாட்டையும் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிக்கும்படி இணையவழியில் சொல்லிக்கொடுக்க யாராவது முன்வந்தால், ஸ்டோர்களில் வேலை செய்யும் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துத் தர என்னால் முடியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அவர்களுக்கு வேலை.