அம்மா கேட்ட இரண்டு ஆணி

அப்பா போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அம்பாசமுத்திரத்தில் அம்மா தனியாக இருந்தது போதும், சென்னைக்கு அழைத்து வந்துவிடலாம் என்று மகள் முடிவு செய்தாள். அன்றே வேலையையும் தொடங்கிவிட்டாள்.

பழைய சூட்கேஸும் அயர்ன் செய்யாத துணியும் குவிந்து கிடந்த சின்ன அறை அது. அதைக் காலி செய்து, சுவருக்கு க்ரீம் கலர் அடித்தாள். திரைச்சீலைக் கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு அரையடி மேலே மாட்டச் சொன்னாள். அப்படி மாட்டினால் அறை உயரமாகத் தெரியும். கண்ணைக் கூசும் 6,500 கெல்வின் வெள்ளை விளக்கை எடுத்துவிட்டு, 2,700 கெல்வின் மஞ்சள் விளக்கு போட்டாள். கனமான திரை, பஞ்சு மெத்தை, நாலு குஷன் என்று எல்லாம் வந்தன.

கடைசியாக, ஊதாப் பூக்கள் நிறைந்த வயல் படம் ஒன்று. அதன் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்க வேண்டும், நிற்பவரின் கண் மட்டம் அதுதான் என்று ஏதோ வீடியோவில் பார்த்து வைத்திருந்த மகன், டேப் பிடித்து அளந்து மாட்டினான். பத்தாம் வகுப்புப் பையன்.

அம்மா வந்தாள். வாசலில் நின்றே அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஹோட்டல் ரூம் மாதிரி அழகா இருக்குட்டி" என்றாள். மகளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதல் நாள் இரவே அம்மா தன் பத்தமடைப் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டாள். "புது இடமில்லா, நான் இங்கேயே படுத்துக்கிடுதேன்." இரண்டாம் நாளும் ஹால்தான். மூன்றாம் நாள் காலை காபி குடித்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமைக்கு ரயில்ல டிக்கெட் இருக்கான்னு பாரு. ஊருல வீடு பூட்டியே கெடக்கு" என்றாள்.

மகளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் பிடிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரும்போது, காலியாகக் கிடந்த அந்த அறைக்குள் போய், கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துப் பார்த்தாள்.

ஒன்றும் தெரியவில்லை. திரை அவ்வளவு கனம். மணி இரண்டா ஐந்தா என்று வெளிச்சத்தை வைத்துச் சொல்ல முடியாது. சுவிட்ச் கதவோரம் இருந்தது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் எழுபத்திரண்டு வயதுக்காரி இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி வைக்கப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. மெத்தை உள்ளே இழுத்தது. கதவருகே நின்று பார்ப்பவருக்கு எல்லாமே அழகு. படுத்திருப்பவருக்கு எதுவுமே கைக்கு எட்டவில்லை.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவிடம் நேராகவே கேட்டாள்: "அந்த ரூம்ல உனக்கு என்னம்மா வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்ட்டி. நல்லாத்தான இருக்கு."

"சும்மா சொல்லும்மா."

அம்மா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "ரெண்டு ஆணி அடிச்சுக் குடேன்" என்றாள். "பையை மாட்ட ஒண்ணு."

இன்னொன்று எதற்கு என்று சொல்லவில்லை. மகளும் கேட்கவில்லை. அந்தப் பைக்குள் துண்டில் சுற்றியபடி இருந்தது அப்பாவின் போட்டோ. கண்ணில் பட்டால் அம்மா அழுவாள் என்று, புது அறையில் அதற்கு இடமே வைக்காமல் விட்டவள் மகள்தான்.

எலக்ட்ரீஷியன் வந்து, கட்டில் தலைமாட்டிலும் அணைக்கிற மாதிரி டூ-வே சுவிட்ச் போட்டுக் கொடுத்தார். கனமான திரைக்குப் பதில் வெள்ளைப் பருத்திப் புடவை ஒன்று திரையானது. மெத்தையை எடுத்துவிட்டு இலவம்பஞ்சு மெத்தை போட்டு, மேலே பத்தமடைப் பாயை விரித்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் வந்தது. கதவுக்குப் பின்னால் தினசரிக் காலண்டர் தொங்கியது. பூ வயல் படம் ஹாலுக்குப் போனது.

பேரன் டிரில்லும் டேப்புமாக வந்தான். "ஆச்சி, போட்டோ 57 அங்குலத்துல இருந்தாத்தான் கரெக்ட்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். "இன்னும் கீழ இறக்குல."

"கீழ வச்சா நல்லா இருக்காது ஆச்சி."

"நின்னுக்கிட்டா பேசப் போறேன்?"

பையன் அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சியின் கண்ணுக்கு நேராக அளந்தான்; 44 அங்குலம் வந்தது. அங்கேயே ஓட்டை போட்டான்.

போட்டோவை மாட்டியபோது அம்மா அழத்தான் செய்தாள். கொஞ்ச நேரம்தான். பிறகு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, துண்டை உதறி மடித்து வைத்தாள். அன்று இரவு அந்த அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மெல்லிய குரலில் பேச்சு கேட்டது. மகள் ஹால் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா குளித்துவிட்டு வந்து, காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தாள். ராகு காலம் எத்தனை மணிக்கு என்று பார்த்தாள். பை ஆணியில்தான் தொங்கியது. டிக்கெட்டைப் பற்றி அவளும் கேட்கவில்லை, மகளும் பேசவில்லை.