ஐப்பசி வானமும் கடலுக்குப் போனவர்களும்

எங்கள் மலையில், குண்டூர் நாட்டில், காலையிலிருந்து மூட்டம். மிளகுக் கொடியில் நீர் சொட்டுகிறது. இங்கே மழை கூடினால் வீட்டுக்குள் போய்விடுவோம். கடலில் இருப்பவர் எங்கே போவார்?

வானொலியில் "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று கேட்டாலே எனக்கு ஒக்கி புயல் நினைவு வந்துவிடும். 2017 நவம்பர் 30. குமரிக்கு அருகே ஒரே நாளில் தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவே இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலை நம்ப முடியாது. காலையில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகக் காற்று என்பார்கள், மாலைக்குள் 55 ஆகிவிடும். கடலில் இருப்பவருக்கு அதைச் சொல்ல 2019இல் ஜெமினி என்ற கருவி வந்தது. கைப்பேசிக் கோபுரம் எட்டாத ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையை அது பெறும். ஒவ்வொரு படகிலும் அப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும், இதில் செலவுக் கணக்கு பார்க்கக் கூடாது.

இந்தச் சனி, ஞாயிறு கடலுக்குக் கிளம்புகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? வானிலை மைய அறிக்கையைப் பார்த்துவிட்டு, இன்றே அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.