மாங்குளத்தில் மூன்று நாள் குடித்தனம்

கடற்கரையிற் சில நாள் தங்க விரும்புவோர், கடலுக்கு எவ்வளவு அண்மையில் அறை கிடைக்கும் என்றே முதலில் விசாரிப்பது வழக்கம். யன்னலைத் திறந்தால் அலை தெரியவேண்டும். இரவிற் படுத்தால் அதன் ஓசை கேட்கவேண்டும். அதற்கென்றே வாடகை கூட்டியுங் கொடுப்பர். நாமோ முல்லைத்தீவுக் கடலைக் காணப் புறப்பட்டு, அக்கடலிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றர், பழைய கணக்கில் முப்பது மைலுக்குச் சற்றுக் கூடுதலாக, உள்ளே தள்ளி நிற்கும் மாங்குளத்தில் மூன்று நாள் குடியிருந்தோம். கேட்டவர்கள் நகைத்தனர். காரணத்தைச் சொன்னபின் ஒருவரும் நகைக்கவில்லை.

காரணம் எமது மாமியார். அவர் முல்லைத்தீவை அடுத்த சிலாவத்தைப் பக்கத்திற் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பிள்ளைகளை வளர்த்தவர். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி காலை எழுந்த ஆழிப்பேரலை, அவருடைய வீட்டையும், அடுத்த வளவில் இருந்த தங்கையையும், தங்கையின் இரு பிள்ளைகளையும் கொண்டுபோயிற்று. பின்னர் 2009இல் போர் துரத்த, கையில் ஒரு பையோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமை அடைந்து, அங்கிருந்து கொழும்புக்கு எம் வீடு வந்து சேர்ந்தார். எம் வீட்டிலிருந்து கடற்கரை நடக்குந் தூரந்தான். இத்தனை ஆண்டுகளில் ஒரு மாலையேனும் அவர் அப்பக்கம் வந்ததில்லை.

இம்முறை பிரான்சிலிருந்து அவர் மகன், அதாவது எம் மைத்துனர், மனைவி மக்களுடன் வந்தபோது, "பேரப்பிள்ளையளுக்கு ஊரைக் காட்டவேணும்; நானும் வாறன்" என்றார். உடனே இரண்டு நிபந்தனையும் விதித்தார்: "கடல் இரையிறது கேக்கிற இடத்திலை நான் படுக்கமாட்டன். மற்றது, குசினி இருக்கிற வீடாய்ப் பாருங்கோ தம்பி."

முதலாவது நிபந்தனை விளங்கிற்று. இரண்டாவது, அப்போது எமக்கு வீண் சிரமமாகவே தோன்றிற்று.

போயா விடுமுறையோடு வார இறுதியையும் சேர்த்துக்கொண்டு ஆனிக் கடைசியிற் புகையிரதம் ஏறினோம். 1905இல் நிறைவுற்ற வடபகுதிப் பாதை 1990இற் போரினால் அறுந்து, 2013 செப்ரெம்பரிலே கிளிநொச்சி வரையும், 2014 ஒக்ரோபரிலே யாழ்ப்பாணம் வரையும் மீண்டது. மாங்குள நிலையத்தில் இறங்குவோர் சிலரே. சந்தியில் நின்று பார்த்தால் வடக்குத் தெற்காக யாழ்ப்பாணம்–கண்டி வீதி. கிழக்கே முல்லைத்தீவுக்கும், மேற்கே மல்லாவி, துணுக்காய் பக்கத்துக்கும் வழி பிரிகின்றது. இவ்வாறு வழிகள் கூடும் இடமாகையாலேயே இவ்வூர் போர்க்காலத்திற் பட்ட பாடு கொஞ்சமன்று. 1990இலிருந்து 2008 வரையில் பன்முறை கைமாறிய மண் இது. இன்று சந்தியிற் கடைகளும் தேநீர்ச்சாலைகளும் நிறைந்திருக்கின்றன. பழைய மாங்குளத்தைக் கண்டவர் அல்லாதார்க்கு, இங்கு ஒன்றும் நடவாதது போலவே தோன்றும்.

நாம் எடுத்த வீடு சந்தியிலிருந்து சிறிது தூரம். இரண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி, பின்புறம் கிணறு, ஒரு மாமரம். வீட்டுக்காரப் பெண்மணி முன்வீட்டில் இருக்கின்றார். இடமாற்றத்தில் வரும் உத்தியோகத்தருக்கும் வழிப்போக்கருக்கும் இதனை நாட்கணக்கில் விடுவாராம். நாளொன்றுக்கு 7,000 ரூபா, நாம் எண்மர். பாத்திரம், அடுப்பு, அம்மி எல்லாம் உண்டு. திருவலை மட்டும் அலகு மழுங்கியது. ஆதலால் இவ்வகை வீடுகளுக்குச் செல்லும் குடும்பத்தினர் திருவலை, நல்ல கத்தி ஒன்று, மிளகாய்த்தூள், குடிநீர் ஆகிய நான்கையும் கையோடு கொண்டுசெல்வது உத்தமம். கிணற்று நீர் குளிக்கச் சுகமானது; குடிக்கச் சற்றுக் கடினம்.

எரிவாயு உருளையையும் ஆட்டிப் பார்த்து வாங்கவேண்டும் என்பது முதல் நாள் மாலையே தெரிந்தது. புட்டு அரைவேக்காட்டில் இருக்கையில் அடுப்பு அணைந்துவிட்டது. கடையோ பூட்டியாயிற்று. எம் துணைவியார் பாண் வாங்க ஆளனுப்ப யோசிக்கையில், மாமியார் மாமரத்தடிக்குப் போய் மூன்று கல்லை உருட்டி வைத்தார். பிள்ளைகள் விறகு பொறுக்கவென்று வேலிக்கு அப்பாலுள்ள பற்றைக்காட்டை நோக்கி ஓட, வீட்டுக்காரப் பெண்மணி பதறித் தடுத்தார். "அங்காலை போகாதேங்கோ பிள்ளையள். பின்னேரத்திலை யானை வரும். மிதிவெடியும் எடுத்தது போக எங்கையாவது கிடக்கும்." அவரே தம் விறகிலிருந்து ஒரு கட்டுத் தந்தார். பாரிஸிற் பிறந்த பிள்ளைகள் மிதிவெடி என்றால் என்ன என்று தந்தையைக் கேட்டனர். விறகு எடுக்கப் போன இடத்தில் வரலாற்றுப் பாடம் நடந்தது.

புட்டு ஆவியெழ இறங்கியது. மாமியார் அடுப்பருகிலேயே நெடுநேரம் இருந்தார். பின்பு, கேளாமலே சொன்னார்: முகாமில் ஆரம்பத்தில் எல்லாருக்கும் பொதுவாய்ச் சமைத்ததைக் கோப்பையோடு வரிசையில் நின்று வாங்கினார்களாம். வயிறு நிரம்பாததன்று துயரம்; பார்க்க வந்த ஒருவருக்கு ஒரு வாய் தேநீர்தானும் ஊற்றிக்கொடுக்க அடுப்பு இல்லையே என்பதுதான் துயரமாம். நாம் விறகைத் தள்ளிவிடுவது போல அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது நிபந்தனை அப்போதுதான் எமக்கு விளங்கிற்று.

உண்டபின் மைத்துனர் தம் பயணக் கதையைத் தொடங்கினார். சென்ற கோடையில் மொறொக்கோ நாட்டு அகாடிர் நகரில், கடற்கரைக்கு அண்மையில், இதுபோலக் குசினியோடு கூடிய மலிவான வீடொன்றில் ஒரு வாரம் இருந்தார்களாம். பகலிற் சந்தைக்குப் போவது, மீனும் மரக்கறியும் வாங்குவது, வந்து சமைப்பது. அந்நகர் 1960ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆந் திகதி இரவு, நிலநடுக்கத்தாற் சில நொடிகளில் இடிந்து, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட ஊர். பழைய இடத்தைச் சற்றே விட்டுத் தெற்கே புதிதாய்க் கட்டினார்கள் என்றார். அதுவரை தூங்குவதுபோற் சாய்ந்திருந்த மாமியார், "பிறகு சனம் திரும்பி வந்ததோ?" என்று கேட்டார். "வந்தார்கள் அம்மா. இப்போது உலகமெல்லாம் இருந்து அங்கே கடல் குளிக்க வருகிறார்கள்" என்றார் மகன். மாமியார் மறுமொழி கூறவில்லை.

ஒருவர் தம் அடுப்பைத் தாமே மூட்டிக்கொண்டு ஊர் பார்ப்பது வெளிநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு வழியாகக் கிழக்குக் கரையோரம் கதிர்காமத்துக்கு நடக்கும் யாத்திரிகர், மடத்திலும் மரநிழலிலும் கல் வைத்துச் சமைத்துக்கொண்டே சென்றவர்கள், இன்றும் செல்கின்றவர்கள். வெள்ளைக்காரர் வீதியோரங்களில் வாடிவீடுகள் கட்டியது பிந்திய காலத்திலேதான். அங்கே சமைத்துப் போடுவதற்கு ஆள் இருந்தான் என்பதொன்றே வேறுபாடு.

மறுநாள் நன்றாக விடிந்தபின் வானில் ஏறினோம். இருளிற் புறப்படலாகாது என்பது வீட்டுக்காரரின் கட்டளை. முல்லைத்தீவு வீதி காட்டினூடாகச் செல்வது. பாலையும் வீரையும் இருபுறமும் நிற்க, சோளகக் காற்று புழுதியை வாரி அடித்தது. வழியில் ஒரு சிறுவன் பாலைப்பழம் விற்றான். அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ள, பாரிஸ் பிள்ளைகள் வாய் திறக்கமாட்டாது சிரித்த காட்சி இன்னமும் கண்ணில் நிற்கின்றது. ஒட்டுசுட்டானிற் தான்தோன்றீஸ்வரரை வணங்கினோம். அறுவடை முடிந்த ஒட்டைச் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டமையால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர். அண்மையிலுள்ள கற்சிலைமடுவிலேதான் 1803இற் பண்டாரவன்னியன் ஆங்கிலப் படையிடம் தோல்வியுற்றான் என்று கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டையை அவன் தாக்கிக் கைப்பற்றியதற்கு ஆங்கிலேயர் கல் நாட்டவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்கலாம். முள்ளியவளை, தண்ணீரூற்று தாண்டியதும் காற்றில் உப்பு மணந்தது. மாமியார் முன்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டார்.

கரையில் வான் நின்றதும் எல்லாரும் இறங்கினர், அவர் இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார். நாமும் வற்புறுத்தவில்லை. ஆனி மாதத்துக் கடல் குளம்போல அடங்கிக் கிடந்தது. மாரியில் அது வேறு கடல். மற்றைக் காலத்திலும் ஊரவரைக் கேளாமல் எவரும் நீந்த இறங்கலாகாது. சற்றுத் தொலைவிற் கரைவலை இழுபட்டுக்கொண்டிருந்தது. முன்னாளில் இருபுறமும் ஆட்கள் வரிசையாய் நின்று பாட்டோடு இழுத்த வலையை, இப்போது உழவு இயந்திரமொன்று உறுமிக்கொண்டு இழுக்கின்றது. மடி கரையேறியபோது வெள்ளியை வாரிக் கொட்டியது போலச் சூடை மீன் துள்ளிற்று. "அகாடிரில் நாங்கள் நாள்தோறும் பொரித்தது இதன் இனந்தான்" என்றார் மைத்துனர்.

அவர் விலை கேட்டார். கேட்டவிதத்திலேயே அவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பது தெரிந்துவிட, விலையும் அதற்கேற்ப ஏறிற்று. அப்போது பின்னாலிருந்து, "என்ன மோனை, சூடைக்கோ இந்த விலை?" என்று ஒரு குரல். திரும்பினால் மாமியார்! வானிலிருந்து எப்போது இறங்கினார், மணலை எப்படிக் கடந்தார் என்று எவரும் காணவில்லை. மீனைப் புரட்டி, செவுளை விரித்து, ஒரு பாரையையும் சேர்த்துக் கேட்டு, பாதி விலைக்கு இறக்கினார். விற்ற இளைஞன், "ஆச்சி எந்த இடம்?" என்றான். சொன்னார். அவன் தன் பாட்டியின் பெயரைச் சொன்னான். இருவரும் அறிந்த பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். அவற்றுட் பல, இறந்தோர் பெயர்கள். பேச்சினிடையே ஓர் அலை வந்து அவர் கணுக்காலை நனைத்துத் திரும்பிற்று. குனிந்து பார்த்தார். பின்வாங்கவில்லை. அடுத்த அலையிற் கையளவு நீரள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். வைகாசியில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன்னே, இந்தக் கடலில் தீர்த்தமெடுத்து அவ்வுப்பு நீரிலேதான் விளக்கெரிப்பார்கள். அந்த நாளிற் செய்வதைப்போலவே அவர் செய்தார்.

வட்டுவாகற் பாலத்தைக் கடந்தால் முள்ளிவாய்க்கால். சாரதி அப்பக்கம் விடவா என்று கேட்டார். "அங்காலை வேண்டாம் தம்பி. மீன் பழுதாப்போம்" என்றார் மாமியார். ஐஸ் நிறையவே போட்டிருந்தோம். எனினும் வானைத் திருப்பச் சொன்னோம்.

அன்று மாலை மாங்குளத்து மாமரத்தடியில் ஏறக்குறைய இருபது பேர் கூடினர். மாமியார் இத்தனைக்கும் வழி செய்து வைத்திருந்தமை எமக்குத் தெரியாது. கொழும்பிலிருந்தே தொலைபேசியில் அழைத்திருக்கின்றார். மாங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் மல்லாவியிலுமாகச் சிதறிக் குடியேறிய பழைய அயலவர்கள், அவர்தம் பிள்ளைகள், ஒன்றுவிட்ட தம்பி ஒருவர். புதிய எரிவாயு உருளை வந்தும், அவர் மூன்று கல்லை விடவில்லை. மொட்டைக்கறுப்பன் சோறு, சூடைப் பொரியல், பாரைக் குழம்பு, முருங்கையிலைச் சொதி. வந்தவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. எருமைத் தயிர் ஒரு முட்டி, காட்டுத்தேன் ஒரு போத்தல். உண்டவர்கள் போதும் என்று இலையை மடிக்கப் போக, அவர் அகப்பையோடு நின்று தடுத்த தோரணையில், எம் வீட்டு மூலையில் இத்தனை ஆண்டு "எனக்கு எதுவும் வேண்டாம்" என்றிருந்த அந்தக் கிழவியை நாம் தேடினோம், காணவில்லை. எம் துணைவியார் பக்கத்தில் வந்து, "அம்மா இப்படிச் சத்தமாய்ப் பேசி நான் எத்தனை வருடம்!" என்று மட்டும் சொன்னார்.

யானைக்குப் பயந்து பொழுதுபடுமுன்னே எல்லாரும் புறப்பட்டனர். மிஞ்சிய குழம்பு மூன்று தூக்குச்சட்டிகளிற் போயிற்று.

மூன்றாம் நாள் ஒன்றுமே செய்யவில்லை. பிள்ளைகள் கிணற்றடியில் நீரள்ளி ஊற்றினர், பெரியவர்கள் தூங்கினர். புகையிரதத்துக்கு நேரமாயிற்று என்று நாம் அவசரப்பட்டபோதும், மாமியார் சாம்பலை அள்ளிக் கொட்டி, அடுப்படிக்குத் தண்ணீர் தெளித்து, கற்களை மாமரத்து வேரோடு சேர்த்து அடுக்கினார். திறப்பை வாங்க வந்த வீட்டுக்காரப் பெண்மணியிடம் சொன்னார்:

"இந்தக் கல்லுகளை எறிஞ்சுபோடாதை பிள்ளை. வைகாசிப் பொங்கலுக்கு வருவம்."

புகையிரதம் ஒரு மணி நேரம் பிந்தி வந்தது.