நாலு போல்

இஷா தொழுதுவிட்டு அரை மணித்தியாலம் ஒன்லைன் பேஸ்போல் மெனேஜர் கேம். இரண்டு சீசனாக என் டீம் கடைசி இடம். பெட்டிங் எவரேஜைப் பார்த்தே ஆள் எடுத்தேன். நாலு போலுக்குப் பொறுத்திருந்து, அடிக்காமலே முதல் பேஸுக்கு நடப்பவனை அந்த எவரேஜ் கணக்கில் எடுக்காது. ஆசிரியர் கலாசாலையில் மதிப்பீடு படித்த எனக்கு இது விளங்க இவ்வளவு காலம்! 2002இல் ஓக்லண்ட் அணி அப்படிப்பட்டவர்களையும் குறைந்த விலைக்கு எடுத்துத்தான் 103 மெச் வென்றது.

36 வயது ஸ்டாரை விற்றேன், மனசே இல்லை. பெஞ்சில் காயவைத்த பொடியனை இறக்கினேன்.

நேற்றிரவு கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமன், மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். பொடியன் மட்டையை அசைக்கவே இல்லை. நாலு போல். மூன்றாம் பேஸில் நின்றவன் நடந்தே வந்து வெற்றி ரன்னை எடுத்தான்.

இன்னும் கடைசி இடம்தான்.