கூறு

மேசை ஓவன் ஒன்றைக் காரின் பின்னிருக்கையில் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டு, சிம்பாங் பூலாய் பாதையில் கேமரன் மலைக்கு ஏறினேன். போன டிசம்பர், கிறிஸ்துமஸ் விடுமுறை. பாட்டி வீட்டில் எட்டுப் பேர் கூடுகிறோம். ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு என்று நானே வாயைக் கொடுத்திருந்தேன். தானா ராத்தாவில் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும். பனி பார்த்தவர்கள் இதைக் குளிர் என்றால் சிரிப்பார்கள். எங்கள் சித்தப்பா அதற்கே மங்கி கேப் மாட்டிக்கொண்டு கம்பளிக்குள் உட்கார்ந்திருப்பார்.

செய்யப்போனது மீட்லோஃப். கொத்துக்கறியை ரொட்டி, முட்டை, வெங்காயத்தோடு கலந்து, ஒரு பெரிய ரொட்டி மாதிரி பிடித்து ஓவனில் வேகவைத்து, துண்டு போட்டுச் சாப்பிடுவது. மூன்று வருஷத்துக்கு முன் வேலைப் பயிற்சிக்காக மினசோட்டா போயிருந்தேன். பிப்ரவரி மாதம், வெளியே மைனஸ் 18. கூட வேலை செய்த பெரியவர் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டார். சோறு என்பது பேச்சுக்கு. மேசையில் இருந்தது இதுவும் மசித்த உருளைக்கிழங்கும்தான். என்ன கறி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கணும். வாசமும் சூடும் அப்படி இருந்தது, சாப்பிட்டுவிட்டேன். வீட்டில் இதுவரை சொன்னதில்லை.

அந்தப் பெரியவர் சொன்ன ஒன்று மட்டும் மனசில் நின்றுவிட்டது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அவருடைய பாட்டி வாராவாரம் செய்த சாப்பாடாம் இது. கறி கொஞ்சம்தான் கிடைக்கும், வாய்கள் அதிகம். காய்ந்த ரொட்டியையோ ஓட்ஸையோ கலந்து கறியைப் பெருக்குவார்கள். அமெரிக்கப் படங்களில் பார்த்து இதைப் பணக்காரச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன்.

கறியைப் பெருக்குவது எங்கள் வீட்டுக்குத் தெரியாததா? பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அங்கே தீபாவளிக்கு நாலைந்து குடும்பம் சேர்ந்து ஓர் ஆடு வாங்கி வெட்டுவார்கள். வாழை இலை விரித்து, கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் ஈரல், கொஞ்சம் கொழுப்பு. எந்தக் கூறை எடுத்தாலும் ஒன்றுதான். ஒரு குண்டுமணி கூடினாலும் சண்டை வந்துவிடும். லயத்து வாசல் வரைக்கும் அத்தனை நியாயம்.

வாசல் தாண்டி அடுப்படிக்குள் வந்ததும் அந்தக் கறி குழம்பாகும், உருளைக்கிழங்கு சேரும். அப்புறம் யாருக்கு எத்தனை துண்டு என்பதைக் கரண்டிதான் முடிவு பண்ணும். தாத்தாவுக்கு முதலில், அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அடுத்து, அத்தைகளுக்கு அதற்கப்புறம். கரண்டியைப் பிடித்திருந்த பாட்டிக்குக் கிழங்கும் குழம்பும். கறி பிடிக்காது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. இப்போது கறி வாங்கக் காசுக்குப் பஞ்சமில்லை. பாட்டிதான் பல் செட் போட்டுவிட்டார். ஆட்டுக்கறியை மெல்ல முடியாமல் ரெண்டு வருஷமாக மறுபடியும் கிழங்கும் குழம்பும்தான்.

அதனால்தான் மீட்லோஃப். மெல்லத் தேவையில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றைக் கொஞ்சம் பெருமையோடே யோசித்து வைத்திருந்தேன். இதில் கறியைத் தனியாகப் பொறுக்கி எடுத்து அடுத்தவன் தட்டில் போட முடியாது.

ஒத்திகை பார்க்காமல் மலை ஏறவில்லை. பினாங்கில் என் வாடகை வீட்டில் முதலில் செய்தது செருப்பு மாதிரி வந்தது. சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி பிசைந்திருந்தேன். உப்புப் போட்டுக் கறியை அழுத்திப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரப்பராகிவிடும். சாசேஜுக்கு அது வேண்டும், இதற்கு ஆகாது. விரல் நுனியால் கலந்து, சேர்ந்ததும் விட்டுவிடணும். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் போடுவதும் சும்மா இல்லை. வேகும்போது கறி சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளும். ஊறிய ரொட்டி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெருக்குவதற்காகச் சேர்த்ததே மெதுவாக்கவும் செய்கிறது.

ஆட்டுக் கொத்துக்கறி 800 கிராம், ரொட்டி மூன்று துண்டு, அரைக் கப் பால், ரெண்டு முட்டை. வெங்காயம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலையை வதக்கி ஆறவிட்டுச் சேர்த்தேன். மிளகுத்தூள், சோம்புத்தூள். மேலே பூச, தக்காளி சாஸோடு சில்லி சாஸும் பழுப்புச் சர்க்கரையும். 180 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாக ஆகும். நேரத்தை நம்ப வேண்டாம். தொழிற்சாலையில் வெப்பமானிகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை என்பதால் கையோடு ஒன்று கொண்டுபோயிருந்தேன். நடுவில் குத்திப் பார்த்து 71 டிகிரி காட்டியதும் வெளியே எடுத்தேன். கொத்துக்கறிக்கு அதுதான் கணக்கு. உடனே வெட்டினால் சாறு ஓடிப்போகும். பதினைந்து நிமிஷம் பொறுக்கணும். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் சித்தப்பா மூன்று முறை அடுப்படிக்கு வந்து போனார்.

பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நான் வெட்டுவதைப் பார்த்தார்.

"மாடா?"

"ஆடு பாட்டி."

பொய்யில்லை. அவர் இதைப் பற்றி மட்டும்தான் கேட்டார்.

"எத்தன கிலோ?"

"எண்ணூறு கிராம்."

"எட்டுப் பேருக்கா? ரொட்டி எவ்ளோ போட்ட?"

"மூணு துண்டு."

"நாங்க கெழங்கு போடுவோம்," என்றார். எட்டுத் துண்டையும் கண்ணாலேயே அளந்தார். "கூறு சரியாத்தான் போட்டிருக்க."

சோறு, ரசம், மசித்த உருளைக்கிழங்கு, ஆளுக்கு ஒரு துண்டு. ஓரத்துத் துண்டு ரெண்டுக்கும் என் தங்கச்சிக்கும் சித்தப்பாவுக்கும் போட்டி. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஓரத்தில்தான் மொறுமொறுப்பு அதிகம். பாட்டி கரண்டியால் தன் துண்டைக் கிளறிக்கொண்டே இருந்தார். எதையோ தேடுகிற மாதிரி. பக்கத்தில் அப்பா தட்டு.

"இதுல கறிய மட்டும் எடுக்க முடியாதாடா?"

"முடியாது பாட்டி. எல்லாம் கலந்தாச்சு."

"ம்," என்றார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். காரம் பத்தலை, மெதுவா இருக்கு, என்றார். அப்புறம், குளிருது, அடுப்பு பக்கத்துல உக்காந்து சாப்பிடுறேன் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கழுவிய தட்டோடு வந்தார். எனக்கு மனசு நிறைந்துபோனது. ராத்திரி தூங்கப் போகும்போது அம்மாவிடம் ரெண்டு தடவை சொன்னேன், பாட்டி முழுசா சாப்பிட்டாங்க.

காலையில் பசியாற அடுப்படிக்குப் போனேன். ஜன்னலெல்லாம் மூடுபனி. அடுப்பு மேடையில் ஒரு பீங்கான் மூடி வைத்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். நேராக, சுத்தமாக வெட்டிய பாதித் துண்டு.

"மூடு," என்றார் பாட்டி பின்னாலிருந்து. "உங்கப்பன் இன்னும் எந்திரிக்கல."